சாவி தந்த நாடு: போர்ச்சுகல்

இந்த வாரம் போர்ச்சுகல். ஆனா கிளம்புறது எங்க சாத்தான்குளத்துல இருந்து. உடன்குடி தாண்டிப் போனா மணப்பாடு. 1542-ல இந்தியா வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அங்கே இருக்கு. அவரை அனுப்பிய ராஜா போர்ச்சுகல்காரர்.

ஸ்பெயினை ஒட்டி, அட்லாண்டிக் கரையில இருக்கிற நாடு அது. பரப்புல தமிழ்நாட்டை விடச் சின்னது. ஜனத்தொகை 1 கோடி சொச்சம். தலைநகர் லிஸ்பன் போனா முதல்ல பெலெம் பகுதியைப் பாருங்க. அங்க ஜெரோனிமோஸ் மடத்துல வாஸ்கோ ட காமா கல்லறை இருக்கு. 1501-ல தொடங்கின அந்தக் கட்டடத்துக்குக் காசு, ஆப்பிரிக்கா, ஆசியா வியாபாரத்துக்குப் போட்ட வரி! கல்லுல கப்பல் கயிறெல்லாம் செதுக்கி வச்சிருக்காங்க. அழகுதான். ஆனா 1530-கள்ல நம்ம பரதவருக்குப் பாதுகாப்பு கொடுத்த இதே ஆட்கள், முத்துக்குளிப்புலயும் வரி வாங்கினாங்க. அதையும் நினைச்சுக்கிட்டே பாருங்க.

இன்னொண்ணு. அச்சில் வந்த முதல் தமிழ்ப் புத்தகம் 1554-ல லிஸ்பன்லதான் வெளியாச்சு, ரோமன் எழுத்துல. தமிழ் எழுத்துல 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578-ல.

ஜன்னல், மேஜை, அலமாரி, சாவி எல்லாமே போர்ச்சுகீஸ் வார்த்தைங்கன்னு ஆச்சிகிட்ட சொன்னேன். "அப்போ பூட்டு?"ன்னு கேட்டாங்க. பூட்டு நம்மளுது ஆச்சி!