வோல்ட் எங்கே போனது?

மாலை இடிமழையில் கரண்டு போவது நெகிரி செம்பிலானில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவாவில், செம்பனைக்கு நடுவே இருக்கும் வீடுகளிலும் அதே கதைதான். தோட்டத்து ஜெனரேட்டர் குறித்த மணிக்கு அடங்கியதும் லயமே இருண்டுபோன காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இணையத்தில் நான்கு லித்தியம் செல் வாங்கி, செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை ஒன்றைப் பூட்டி, இன்வர்ட்டரோடு சேர்த்துவிடலாம். விளக்கும் காற்றாடியும் ஓடும்வரை எல்லாம் சரி. ரைஸ் குக்கரைத் தட்டியதும் இன்வர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரி 13 வோல்ட் காட்டும்!

உடனே வரும் தீர்ப்பு: “செல் டூப்ளிகேட்டு, ஏமாந்துட்டோம்.” பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு.

இந்தச் செல்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இந்த வகைப் பொருள்களுக்கு வழி திறந்த 1980களின் ஆய்வில் ஜான் குட்இனஃபோடு உழைத்தவர், மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியவரும் இவரே. (நம்ம ஆள் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) இந்த வகைச் செல்லின் வோல்ட் எளிதில் அசையாது. கால்வாசி சார்ஜ் இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும், சும்மா கிடக்கும்போது 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதனால் ஓய்வில் எடுத்த அளவை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பாரம் ஏற்றித்தான் சோதிக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். நான்கு செல் சேர்ந்தால் 12.8 வோல்ட். 1,000 வாட் சாதனத்தை ஓட்ட, இன்வர்ட்டரின் இழப்பும் சேர்ந்து ஏறத்தாழ 90 ஆம்பியர் ஓடும். போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர் என்று 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டிருந்தால், கம்பியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். கம்பியும் கொதிக்கும், இவ்வளவு கரண்டுக்கு அது ஆபத்து. அதே இடத்தில் 35 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். வோல்ட் இறங்க இறங்க, அதே வாட்டைக் கொடுப்பதற்காக இன்வர்ட்டர் இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். வோல்ட் மேலும் சரியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் சில ஜம்பர் கேபிள்களில், மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். வாங்கும்போதே முனையைச் சுரண்டிப் பாருங்கள்.

கம்பி சரியென்றால் அடுத்தது இணைப்புகள். என் அனுபவத்தில் கோளாறு அதிகம் குடியிருப்பது இங்கேதான். 2 மில்லியோம் தடை கேட்கச் சின்னது. 90 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே நட்டில் 16 வாட் சூடாகக் கரையும். நம்மூர் ஈரக்காற்றில் செல்லின் அலுமினிய முனையில் சீக்கிரமே ஆக்ஸைடு படிந்துவிடும். இன்னொரு தப்பு, வாஷரை இடம்மாற்றிப் போடுவது. முனைக்கும் இணைப்புத் தகட்டுக்கும் நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷர் நுழைந்தால் போச்சு; செம்போடு ஒப்பிட்டால் அதன் தடை சுமார் 40 மடங்கு. முனைமேல் தகடு, அதன்மேல் லக், அதற்கும் மேலே வாஷர், கடைசியில் நட்டு. இதுதான் வரிசை.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். ரைஸ் குக்கரையோ, அதில் இன்வர்ட்டர் அணைந்துவிட்டால் அதைவிடச் சிறிய பாரத்தையோ ஓடவிட்டு, மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைச் செல் முனையிலும் மற்றதைத் தகட்டிலும் வையுங்கள். முள்ளை நட்டின்மேல் வைத்தால் அளவு ஏமாற்றும். ஒன்றுவிடாமல் எல்லா இணைப்பையும் அளந்து ஒப்பிடுங்கள். மற்றவை நாலைந்து மில்லிவோல்ட் காட்ட, ஒன்று மட்டும் 80 காட்டினால் அதுதான் ஆள். இன்வர்ட்டரை அணைத்து, இணைப்பைக் கழற்றி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, செல் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தில் முடுக்குங்கள். பலத்தைக் காட்டி முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், பிறகு செல்லே வீண்.

பி.எம்.எஸ். செயலியில் ஒரு செல் மட்டும் 2.8 வோல்ட்டுக்கு இறங்குகிறதா? அப்போதும் பொறுங்கள். வோல்ட்டை அளக்கும் பி.எம்.எஸ். கம்பியைத் தகட்டில் மாட்டியிருந்தால், இணைப்பின் இழப்பும் செல் கணக்கில் விழும். அந்தச் செல்லைப் பக்கத்துச் செல்லோடு இடம்மாற்றிப் பூட்டுங்கள். கோளாறு செல்லோடு நகர்ந்தால் செல் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் இணைப்பு கெட்டது.

பெரிய பாரம் வேண்டும் என்பவர்கள் 16 செல் அடுக்கி 51.2 வோல்ட்டுக்கே போய்விடுவது நல்லது. கரண்டு கால்வாசியாகும், அதே கம்பியில் சூட்டு இழப்பு பதினாறில் ஒன்றாகும்.

வேலைக்கு உட்காருமுன் மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் பிடிக்கு டேப் சுற்றுங்கள், பாசிட்டிவ் முனையருகே ஃபியூஸ் வையுங்கள். ஊதிப்போன செல்லை மறுபடி சார்ஜ் ஏற்றவே வேண்டாம். இன்வர்ட்டருக்கு அப்பால் ஓடும் 230 வோல்ட் வயரிங்கை, லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.