காயத்துக்குள் ஒரு வீடு

கோவில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துச் சேண்ட்லர் நகரில் குடியிருக்கிறார். வரும் நவம்பரில் போய் ஆறு மாதம் தங்கப்போகிறாராம். "சனி ஞாயிறு ஆனால் மாலுக்குப் போவதைத் தவிரப் பேரப்பிள்ளைகளுக்கு வேறொன்றும் தெரியவில்லை. ஊரைச் சுற்றிப் பொட்டல்தான் என்கிறாள் மகள். பாலைவனத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்.

ஐயா, நிறைய இருக்கிறது. ஒரே ஒரு செடியை முழுதாகக் காட்டவே உங்களுக்கு அந்த ஆறு மாதம் பற்றாது. பாலைவனத்தின் வெயிலும் குளிரும் மழைக்குறைவும் நீங்கள் வகுப்பில் நடத்திய பாடம். அதை மறுபடி சொல்லவில்லை. நேராகச் சவாரோவுக்கு வருகிறேன்.

கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த உயரமான கள்ளியை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். உலகத்துப் பாலைவனம் எல்லாவற்றிலும் அது இருப்பதாகப் பிள்ளைகள் வரைந்து தள்ளுகிறார்கள். உண்மையில் அது தானாக வளர்வது சொனோரா பாலைவனத்தில் மட்டும்தான்: அரிசோனாவின் தென்பாதி, எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சொனோரா மாநிலம், கலிபோர்னியாவில் ஒரு விளிம்பு. நம் ஊர்ச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் பால் வடிக்கும் வேறு குடும்பம். சவாரோவுக்கு உறவு வேண்டுமானால் நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான்.

அதன் வயதுக் கணக்கைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லுங்கள். முளைத்து எட்டு ஆண்டு ஆனாலும் ஒன்றரை அங்குலம்கூடத் தாண்டாமல் இருக்கலாம். பூக்கத் தொடங்க 35 ஆண்டுகள் போல ஆகும். பக்கத்தில் ஒரு கை முளைக்க 50 முதல் 70 ஆண்டுகள். மழை இன்னும் குறைவான இடமென்றால் நூறு. நாற்பது அடி உயரத்தில் நாலைந்து கைகளோடு நிற்கும் ஒன்றைப் பார்த்தால், 1912இல் அரிசோனா ஒரு மாநிலமாக ஆவதற்கு முன்பே அது அங்கே நின்றது என்று தைரியமாகச் சொல்லலாம். 150 வயது சாதாரணம். 200ஐத் தொடுவதும் உண்டு.

உடம்பெல்லாம் மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகள். எங்கள் வீட்டில் மார்கழி பஜனைக்கென்று ஓர் ஆர்மோனியம் இருந்தது. அதன் துருத்தியைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். சவாரோவின் மடிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. மழை பெய்தால் மடிப்பு விரிந்து தண்டு பருக்கிறது, தோல் கிழிவதில்லை. தண்ணீர் குறையக் குறைய மடிப்பு ஆழமாகிறது. வேர்களில் பெரும்பாலானவை அரை அடி ஆழத்துக்குள்ளேயே, செடியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு நாலாபக்கமும் பரவிக் கிடக்கின்றன. அரிசோனாவின் டூசான் நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. குளிர்காலத்தில் நிதானமாகக் கொஞ்சம், ஜூலை ஆகஸ்டில் இடியோடு கொஞ்சம். மண்ணை நனைத்த ஈரம் ஆவியாகுமுன் உறிஞ்சிவிட வேண்டும், அதனால்தான் இந்த மேலோட்டமான வேர். வயிறு நிறையக் குடித்த பெரிய சவாரோ ஒன்றரையிலிருந்து இரண்டு டன்வரை எடை இருக்கும்.

இலை இல்லை, பச்சைத் தண்டே உணவு தயாரிக்கிறது. அதிலும் ஒரு கட்டுப்பாடு. பகலில் துளைகளைத் திறந்தால் நீர் போய்விடும் என்பதால் இரவில்தான் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேமித்துக்கொள்கிறது. வெயில் வந்ததும் கதவை மூடிக்கொண்டு, சேமித்ததை வைத்துச் சமையல். அன்னாசிக்கும் இதே பழக்கம்தான். ஆனால் இதற்கு இரவு குளிர வேண்டும். 2023 ஜூலையில் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரம் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதித்தது. பல நாள் இரவிலும் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அந்தக் கோடையில் நகரத்துத் தாவரத் தோட்டத்திலேயே சவாரோக்கள் கைகளை உதிர்த்தன, சில அப்படியே சரிந்தன. பகல் வெயிலைத் தாங்கப் பழகிய செடியை இரவின் வெப்பம் வீழ்த்தியிருக்கிறது. தாரும் காங்கிரீட்டும் சூட்டைப் பிடித்துவைக்கும் நகரங்களை நாம் எப்படிக் கட்டுகிறோம் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

இப்போது, இந்தச் செடியைப் பற்றி எதைச் சொன்னாலும் நான் கடைசியில் வந்து சேரும் இடம்: அதன் உடம்பிலிருக்கும் பொந்துகள்.

ஹீலா மரங்கொத்தி என்று ஒரு பறவை. முதுகில் கறுப்பு வெள்ளைக் கோடுகள்; ஆணின் உச்சந்தலையில் சிவப்புப் பொட்டு. கூடு வைக்க அது சவாரோவின் சதையைக் குடைகிறது. தண்ணீரை இப்படிக் கட்டிக்காக்கும் செடிக்கு இது பெரிய காயம். திறந்த சதை வழியே ஈரம் போகும், அழுகல் கிருமி வரும். செடி என்ன செய்கிறது தெரியுமா? குடைந்த பரப்பு முழுவதையும் சுற்றிக் கெட்டியான தழும்புத் திசுவை வளர்க்கிறது. சுற்றிலும் ஈரச் சதை, நடுவே உலர்ந்த, மரம் போன்ற சுவர், அதற்குள் வெற்றிடம். நுழைவாயில் பக்கவாட்டில் இருக்கும், உள்ளே போனால் கீழ்நோக்கி இறங்கிப் பையாக அகலும்.

இந்தச் சுவர் ஒரு நாளில் எழும்புவதில்லை, மாதக்கணக்கில் ஆகும். மரங்கொத்திக்கு இது தெரியும்! குடைந்துவிட்டு உடனே குடியேறாமல், சுவர் காய்ந்து இறுகும்வரை விட்டுவைக்கிறது. சுற்றிலும் நீர் நிறைந்த சதை இருப்பதால், கோடையில் பொந்தின் உள்ளே வெளியைவிடக் குளிர்ச்சி, குளிர்கால இரவில் வெளியைவிட வெதுவெதுப்பு. பறவை உண்டாக்கிய காயத்தைச் செடி தனக்காக மூடிக்கொண்டது. அதுவே பறவைக்கு வீடாகிவிட்டது. இரண்டில் யாரும் மற்றவருக்கு உதவ நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் அந்த வீடு நன்றாக அமைந்திருக்கிறது.

மரங்கொத்தி காலிசெய்த பிறகு வேறு குடித்தனங்கள் வருகின்றன. ஈப்பிடிப்பான்கள், தகைவிலான் குடும்பத்து ஊதாப் பறவை, சிறு வல்லூறு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது எல்ஃப் ஆந்தை. உலகத்து ஆந்தைகளில் மிகச் சிறியது. சிட்டுக்குருவி அளவுதான், நாற்பது கிராம் எடை. மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மார்ச் வாக்கில் அரிசோனா திரும்பும். ஏப்ரலில் நிலா வெளிச்சமுள்ள ஒரு முன்னிரவில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லுங்கள். நாய்க்குட்டி குலைப்பதாகத் தோன்றும் ஒரு மெல்லிய குரல் மேலிருந்து கேட்டால், அது இதுதான்.

சவாரோ செத்த பிறகு சதை அழுகி உதிர்கிறது. உள்ளே கம்புகளாக நிற்கும் எலும்புக்கூடு தெரியும். அழுகாமல் தரையில் விழுந்து கிடக்கும் இன்னொன்றும் உண்டு: அந்தப் பொந்தின் சுவர், முழு உருவத்தோடு. அங்குள்ளவர்கள் அதைப் 'பூட்' என்கிறார்கள். அந்த மண்ணின் மக்களான தோஹோனோ ஓஓதம் அதைப் பாத்திரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காய்ந்த கம்புகளை இணைத்து நீண்ட தொரட்டி செய்து, ஜூன் மாதத்தில் உச்சியில் பழுக்கும் சவாரோப் பழத்தைப் பறிக்கிறார்கள். பழச்சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுப்பது, அதைப் புளிக்கவைத்து மழையை அழைக்கும் சடங்கு நடத்துவது எல்லாம் இன்றும் நடக்கிறது. அவர்களுக்கு ஆண்டு பிறப்பதே இந்த அறுவடையோடுதான்.

தரையில் பூட் கண்ணில் பட்டால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், உள்ளே எட்டிப் பார்க்கட்டும். எடுத்துவர மட்டும் விடாதீர்கள். தேசியப் பூங்காவில் எதையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், பல்லிக்கும் பூச்சிக்கும் அது அடுத்த வீடு. செடியில் பெயர் செதுக்குகிறவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கத்தி கீறிய ஒவ்வோர் எழுத்தையும் செடி அதே தழும்புத் திசுவால்தான் மூடுகிறது. அதனால் அந்தப் பெயர் அழிவதில்லை, இன்னும் நூறு ஆண்டு வாழப்போகிற உடம்பில் நூறு ஆண்டும் இருக்கும். செதுக்கியவர் அடுத்த வாரமே மறந்திருப்பார். இதுபோக, வீட்டு முற்றத்து அலங்காரத்துக்காகச் சவாரோவை வேரோடு தோண்டித் திருடும் கூட்டமும் உண்டு. அதைத் தடுக்கப் பூங்காக்காரர்கள் சில சவாரோக்களுக்குள் மின்னணுச் சில்லு பதித்திருக்கிறார்கள். அந்த நிலைக்கு வந்துவிட்டது.

எங்கே போவது? டூசானை ஒட்டிய சவாரோ தேசியப் பூங்கா. சேண்ட்லரிலிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். 1933இல் பாதுகாக்கப்பட்ட இடம், 1994இல் தேசியப் பூங்கா ஆனது. நகரத்துக்குக் கிழக்கே ஒரு பகுதி, மேற்கே ஒரு பகுதி. பிள்ளைகளோடு என்றால் மேற்குப் பகுதியைச் சொல்வேன். அரை மைல் நீளத்துக்குத் தளம் போட்ட பாதை ஒன்று இருக்கிறது, முட்டி வலி உள்ளவர்களும் நடக்கலாம். சிக்னல் ஹில் என்ற சிறு குன்றில் ஹோஹோகம் மக்கள் பல நூற்றாண்டுக்கு முன் பாறையில் பொறித்த சுழல் கோடுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே, 1952இல் தொடங்கிய அரிசோனா–சொனோரா பாலைவன அருங்காட்சியகம். பெயர்தான் அருங்காட்சியகம், பெரும்பகுதி திறந்தவெளி.

நவம்பரிலிருந்து மார்ச் வரை பகலில் நடக்கலாம். ஏப்ரல் பிறந்தால் விடியற்காலை. கோடையில் கடும் வெப்ப எச்சரிக்கை விட்ட நாட்களில் பீனிக்ஸ் நகராட்சி சில மலைப்பாதைகளைப் பகலில் மூடியே விடுகிறது; உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று போகக் கூடாது. பையில் ஒரு தலைசீப்பு இருக்கட்டும். சோயா என்ற கள்ளியின் துண்டு உரசினாலே காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் குத்தும். சீப்பைச் சதைக்கும் முள்துண்டுக்கும் நடுவே நுழைத்து எற்றிவிடுவதுதான் அங்குள்ளவர்கள் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத பாறையிடுக்கில் கைவைக்கக் கூடாது, பாம்பு இருக்கும்.

பத்து இடங்களுக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். போகிற வழியில் ஏதாவது ஒரு சவாரோவைத் தேர்ந்தெடுத்து, அதையே மாதாமாதம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரு படம். குளிர்கால மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தால் மடிப்பு விரிந்ததைப் பேத்தியே கண்டுபிடிப்பாள். எந்தப் பொந்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பேரன் கணக்கெடுக்கட்டும். ஏப்ரல் கடைசியில் உச்சியில் வெள்ளைப் பூ வரத் தொடங்கும். இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும் பூ. மெக்சிகோவிலிருந்து வரும் நீள்மூக்கு வௌவால்கள் இரவில் தேன் குடிக்கும், பகலில் புறாக்களும் தேனீக்களும். நீங்கள் ஊர் திரும்புமுன் முதல் பூவைப் பார்த்துவிடலாம்.

செடியின் காலடியையும் காட்டுங்கள். ஒரு பழத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் விதை. ஆனால் திறந்த வெயிலில் விழுந்தது பெரும்பாலும் பிழைப்பதில்லை. பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற மரங்களின் நிழலில் விழுந்ததற்குத்தான் பிழைக்க வாய்ப்பு. அந்த மெஸ்கீட், நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அங்கே அதன் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிடுகிறார்கள், சவாரோக் குஞ்சுகளை அது வளர்த்துவிடுகிறது.

நேர்மாறான கதையும் அங்கே உண்டு, அதுதான் என்னை வருத்துவது. காங்கேயத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் வெள்வேல மர நிழலில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வறட்சியைத் தாங்கும் அருமையான தீவனம். அதே இனத்துப் புல்லை 1930, 40களில் மேய்ச்சலுக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அரிசோனாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது மலைச்சரிவுகளில் ஏறிச் சவாரோக்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வெற்றிடம் வீணான இடம் அல்ல. செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் இருந்ததால்தான் அந்தப் பாலைவனத்தில் தீ பரவ வழியில்லாமல் இருந்தது. காய்ந்த புல் பற்றினால் வெப்பம் 700 டிகிரியைத் தாண்டும். புல் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். தீக்குப் பழகாத சவாரோ நின்ற இடத்திலேயே வெந்து, சில ஆண்டுகளில் சாயும். 2020 ஜூனில் டூசானுக்கு வடக்கே கேட்டலினா மலையில் மின்னல் மூட்டிய தீ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில் பரவியபோது, அடிவாரத்துச் சவாரோக்களும் கருகின.

மாநில அரசு 2005இல் அந்தப் புல்லைத் தீங்குக்களைப் பட்டியலில் சேர்த்தது. மருந்து அடிக்கிறார்கள். அதோடு, குளிர்காலச் சனிக்கிழமைகளில் தன்னார்வலர்கள் கடப்பாரையோடு சரிவேறிப் புல்லைப் பிடுங்குகிறார்கள். குடும்பமாக வருகிறவர்களும் உண்டு. எங்கே, எப்போது என்று பூங்கா வரவேற்பு மையத்தில் கேட்டால் சொல்வார்கள். மேலே அறுத்தால் பயனில்லை, தூரோடு பெயர்க்க வேண்டும். கதிர் உதிராமல் பையில் கட்ட வேண்டும். மண்ணில் விழுந்த விதை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒரு முறை சுத்தம் செய்த சரிவுக்கே அடுத்த குளிர்காலமும் அதற்கடுத்ததும் போக வேண்டியிருக்கிறது.