விலாசம் மாறிய இரவுப்பூ

தென்னாப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில், கேப் டவுனைச் சுற்றியும் அங்கிருந்து வடக்கே நமக்வாலாந்து வரையும் மணற்பாங்கான நிலங்களில் ஒரு சிறு செடி வளர்கிறது. தாவரவியலில் அதன் பெயர் பெலர்கோனியம் டிரிஸ்டே. பகலில் அதைக் கடந்துபோகிறவர்கள் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தண்டு என்று சொல்ல மேலே ஏறக்குறைய எதுவும் இல்லை. கேரட் இலைபோல நுணுக்கமாகப் பிளவுபட்ட, மென்மயிர் அடர்ந்த இலைகள் தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். நடுவிலிருந்து எழும் காம்பின் உச்சியில் ஒரு கொத்துப் பூ. மங்கிய மஞ்சள் இதழ்களில் கருஞ்சிவப்போ பழுப்போ கறையாகப் படிந்திருக்கும். முகர்ந்தால் வாசனை இருக்காது.

பொழுது சாய்ந்தபின் அதே பூவை முகர வேண்டும். கிராம்பை நினைவூட்டும் மணம் தாராளமாக வரும். விடிந்ததும் அது அடங்கிவிடும். பகலெல்லாம் திறந்தே இருக்கும் பூ, மணத்தை மட்டும் இரவுக்கென்று வைத்திருக்கிறது. மணத்தை உண்டாக்குவது செடிக்குச் செலவு பிடிக்கும் வேலை. வர வேண்டிய விருந்தாளி வராத நேரத்தில் அந்தச் செலவு வீண்தான்.

விருந்தாளி யார் என்பதைப் பூவின் அமைப்பே காட்டிக்கொடுக்கிறது. இதன் தேன் இதழ்களின் அடியில் இல்லை. புல்லிவட்டத்திலிருந்து கீழிறங்கும் மெல்லிய குழலின் அடியில் இருக்கிறது. அந்தக் குழல் தனியாகத் தொங்காமல் பூவின் காம்போடு ஒட்டியே போகிறது. அதனால் வெளிப்பார்வைக்குக் காம்பு மட்டுமே தெரியும். கூர்ந்து பார்த்தால் ஓரிடத்தில் சிறு புடைப்பு தென்படும். குழல் முடிவதும் அசல் காம்பு தொடங்குவதும் அங்கேதான். பெரும்பாலான செடிகளில் பூவைத் தாங்குவதற்கு மட்டும் இருக்கும் காம்பு, பெலர்கோனியத்தில் தேன் சேர்த்துவைக்கும் இடமும் ஆகிறது. இந்த இனத்தில் குழல் சுமார் 3 செ.மீ. வரை நீளும், அசல் காம்பு மிகக் குட்டை. தேனீயின் நாக்கு அவ்வளவு ஆழம் எட்டாது. இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகளின் நாக்கு எட்டும். அவை பூவின்மேல் உட்காருவதில்லை. காற்றில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே செலுத்திக் குடிக்கின்றன. இருட்டில் வண்ணத்தைவிட மணமே அவற்றுக்கு வழிகாட்டுகிறது. ஆகவே இந்தப் பூவின் மங்கல் நிறத்தைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலில் பார்க்கும் நம் கண்ணுக்காக அது பூக்கவே இல்லை.

பூ திறந்ததும் முதலில் முதிர்வது ஆண் பகுதி. பெலர்கோனியம் பேரினத்தில் மகரந்தத்தாள்கள் பத்து இருந்தாலும் அதிகபட்சம் ஏழில்தான் மகரந்தப்பை இருக்கும். மற்றவை வெறும் இழைகள். மகரந்தம் தீர்ந்து பைகள் உதிர்ந்த பிறகே நடுவிலிருக்கும் சூல்முடி ஐந்து கிளைகளாக விரியும். தன் மகரந்தம் தன்மேலேயே படாமல் இருக்க இப்படி முறை பிரித்துக்கொள்கிறது பூ. கொத்தில் ஒரு பூ ஆண் நிலையிலும் பக்கத்துப் பூ பெண் நிலையிலும் நிற்பதை ஒரே நேரத்தில் காணலாம்.

காய் முற்றியதும் அது நீண்ட அலகு வடிவம் எடுக்கும். உலர்ந்தால் ஐந்தாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை, அதற்கு மயிர் அடர்ந்த ஒரு வால். காற்று அதைத் தூக்கிப்போகும். வாலின் அடிப்பாகம் காய்ந்தால் திருகாகச் சுருளும், நனைந்தால் நிமிரும். ஈரமும் வறட்சியும் மாறிமாறி வரும்போது அந்தச் சுருளலே விதையை மண்ணுக்குள் திருகி இறக்குகிறது.

இத்தனையும் மண்ணுக்கு மேலே. செடியின் ஆயுள் பத்திரமாக இருப்பது கீழே, கிழங்கில். கேப் பகுதியின் மழை நம் மழைக்காலத்தோடு பொருந்தாது. அங்கே மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், மழைக்காலமும் அதுவே. கோடையில் மழை அபூர்வம். அதற்கேற்ப மழையோடு இலை விட்டு, வசந்தத்தில் பூத்து, வெயில் ஏறியதும் மேற்பாகத்தை உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் உறங்குகிறது இந்தச் செடி. புதர்க்காட்டில் தீ மூண்டாலும் கிழங்கு தப்பிவிடும். கிழங்கின் தோல் தடித்து மரம்போல் இறுகியிருக்கும். துவர்ப்புச் சத்து மிகுதி என்பதால் தோல் பதனிடவும், வயிற்றுப்போக்குக்கு மருந்தாகவும் அந்நாட்டு மக்கள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதன் உறவுக்காரச் செடியான பெலர்கோனியம் சிடாய்டிஸின் வேர்ச்சாறு இன்று ஜெர்மனியில் மார்புச் சளிக்கு மருந்தாக விற்கப்படுகிறது.

இப்படி அங்கம் அங்கமாகத் தன் நிலத்துக்கே இசைந்த செடியை ஐரோப்பா முதலில் எந்த ஊர்க்காரனாக ஏற்றுக்கொண்டது தெரியுமா? இந்தியனாக. லண்டனுக்குத் தெற்கே லாம்பெத்தில் தோட்டம் வைத்திருந்த ஜான் டிரெடஸ்கன்ட், பாரிஸில் ரெனே மோரன் என்பவரிடமிருந்து இதை வாங்கி வளர்த்தார். 1632இல் அவர் தோட்டத்தில் பூத்தது. இந்திய ஜெரேனியம் என்றே அன்று அதற்குப் பெயர். கிழக்கிந்தியச் சரக்கோடு திரும்பும் கப்பல்கள் தண்ணீருக்கும் உணவுக்கும் கேப் முனையில் ஒதுங்குவது வழக்கம். அங்கே கரையில் எடுத்ததும் இந்தியச் சரக்கின் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. டச்சுக்காரர்கள் கேப்பில் குடியேறியதே 1652இல்தான். அதற்கு இருபது ஆண்டு முன்பே இந்தச் செடி லண்டனில் பூத்துவிட்டது. 1635இல் ஜாக் கோர்னு என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை வருணித்துப் படமும் போட்டார். எந்த நூலில்? கனடா நாட்டுத் தாவரங்களைப் பற்றிய நூலில்!

குடும்பப் பெயரும் நெடுநாள் தவறாகவே நீடித்தது. லின்னேயஸ் 1753இல் கேப் செடிகளையும் ஐரோப்பிய ஜெரேனியங்களையும் ஒரே பேரினத்தில் அடக்கிவிட்டார். 1789இல் லெரிட்டியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர்தான் பெலர்கோனியத்தைத் தனியாகப் பிரித்து வைத்தார். அசல் ஜெரேனியத்தின் பூ எப்பக்கம் பார்த்தாலும் ஒரே சீராக இருக்கும்; பத்துத் தாள்களிலும் மகரந்தம் இருக்கும்; காம்போடு ஒட்டிய தேன்குழல் இருக்காது. பெலர்கோனியத்தில் மேலிதழ் இரண்டும் கீழிதழ் மூன்றும் வேறுபடும். இன்று அந்தப் பேரினத்தில் 280 இனங்கள் வரை கணக்கிடுகிறார்கள். ஐந்தில் நான்கு பங்கு தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவை.

தோட்டக்காரர்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஜெரேனியம் எண்ணெய்க்காக வளர்ப்பது பெலர்கோனியமே. அங்கே மணம் பூவில் இல்லை, இலையில். ஊட்டி நர்சரிகளில் சிவப்பும் ரோஜா நிறமுமாகத் தொட்டிகளில் விற்கும் ஜெரேனியமும் பெலர்கோனியம்தான். நம்பிக்கை வராவிட்டால் அதில் ஒரு பூவைக் கிள்ளி எடுத்து, இதழ்களுக்குச் சற்றுக் கீழே காம்பைக் கூரான பிளேடால் குறுக்கே வெட்டி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். காம்பின் ஓரமாக ஒரு சிறு துளை தெரியும். கேப் மணலில் அந்துப்பூச்சிக்குத் தேன் வைத்திருக்கும் அதே குழல் அது.