மூன்று நிமிடம் கைகட்டி உட்காருங்கள்

புல்தரையில் ஒரு சிறுமி கிடக்கிறாள். கேமரா அவள் கண்ணுக்கு மிக அருகில் நிற்கிறது. அந்தக் கண்ணில் உயிர் இல்லை. மெதுவாகப் பியானோ ஒலிக்கிறது. பிறகு அவள் உடல் தரையை விட்டு மேலே எழும்புகிறது. கண்ணாடித் துண்டுகளும் கூடவே எழும்பி, விடுதி ஜன்னலில் போய் ஒட்டிக்கொள்கின்றன. காலம் பின்னோக்கி ஓடுகிறது என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

2011 பிப்ரவரியில் வெளிவந்த 'டெட் ஐலண்ட்' என்ற வீடியோ கேமின் ட்ரெய்லர் இது. கேமை உருவாக்கியது போலந்தின் டெக்லேண்ட் நிறுவனம். ட்ரெய்லரைச் செய்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்த ஆக்சிஸ் அனிமேஷன். சுமார் மூன்று நிமிடம் ஓடும். அதே ஆண்டு கான் லயன்ஸ் விளம்பர விழாவில் தங்கம் வாங்கியது.

கதையை நேர்வரிசையில் சொன்னால் இரண்டு வரிகூடத் தேறாது. விடுதி வராந்தாவில் ஓடிவரும் சிறுமியை ஜாம்பி கடிக்கிறது. அப்பா கதவைத் திறந்து உள்ளே இழுக்கிறார். கடிபட்டவள் தானும் ஜாம்பியாகி அப்பாமேலேயே பாய்கிறாள். அவர் உதறியதில் ஜன்னலை உடைத்துக்கொண்டு விழுகிறாள். ஜாம்பிப் படம் நாலு பார்த்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

ட்ரெய்லரோ இந்தக் கதையை இரண்டு இழைகளாகப் பிரிக்கிறது. ஓர் இழை முடிவிலிருந்து பின்னோக்கி ஸ்லோ மோஷனில் நகர்கிறது. இன்னொன்று தொடக்கத்திலிருந்து முன்னோக்கி, பதற்றமான வேகத்தில் ஓடுகிறது. இரண்டும் மாறி மாறி வந்து, அந்தக் கதவருகே சந்திக்கின்றன: மகளின் கையும் அப்பாவின் கையும் ஒன்றையொன்று நோக்கி நீளும் கணம். நேர்வரிசையில் பார்த்திருந்தால் அது காப்பாற்றப்படும் கணம், பெருமூச்சு விட்டிருப்போம். இங்கே அடுத்து நடக்கப்போவது என்ன என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கை நீள்வதைப் பார்க்கத் தாங்கவில்லை. போதாக்குறைக்கு, அதே குடும்பம் விடுமுறைக்கு வந்து சிரித்துக்கொண்டு எடுத்த வீடியோவைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடாதா? சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ஜொனாதன் லீவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்டு இருவரும் 2011-இல்தான் இந்தக் கேள்வியைச் சோதித்து வெளியிட்டார்கள். 12 சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவை முன்கூட்டியே அறிந்து படித்தவர்கள், பெரும்பாலான கதைகளில், அறியாமல் படித்தவர்களைவிடக் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் 'டெட் ஐலண்ட்' ட்ரெய்லரில் நடப்பதை இது ஓரளவு விளக்குகிறது. 'என்ன ஆகும்' என்ற கேள்வி முதல் ஷாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. அதன் இடத்தில் 'எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள்' என்ற கேள்வி உட்காருகிறது. ஆர்வம் எங்கே பிறக்கிறது என்பதற்கு ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் தந்த விளக்கமும் இதற்குப் பொருந்தும்: தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் இடையில் இருக்கும் இடைவெளி. ஒன்றுமே தெரியாதவருக்கு ஆர்வம் வராது. பாதி தெரிந்தவர்தான் தவிப்பார்.

இதெல்லாம் சினிமா ட்ரெய்லருக்கும் பொருந்துமே என்று கேட்கலாம். பொருந்தும். ஆனால் ஒரு சினிமாவின் ட்ரெய்லரும் அந்தச் சினிமாவும் ஒரே சாதி. இரண்டிலும் நாம் கைகட்டிப் பார்ப்பவர்கள்தான். வீடியோ கேமில் அப்படியில்லை. அங்கே வேகம் ஆடுபவரின் விரலில் இருக்கிறது. உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது பத்து நிமிடம் மூலையில் நின்று, பையிலிருக்கும் ஆயுதங்களை அடுக்கிக்கொண்டிருப்பார். ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுவார். எந்த எடிட்டராலும் அவரை அவசரப்படுத்த முடியாது. ட்ரெய்லர் முதலில் செய்யும் காரியம், அந்த அதிகாரத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வது.

பிடுங்குவதால் மூளையில் என்ன நிகழ்கிறது என்பதற்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழு செய்த ஆய்வு ஒன்று உண்டு. 2008-இல் வெளியானது. மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, பலருக்கும் ஒரே படத்தைக் காட்டினார்கள். அவர்களுடைய மூளைகள் எந்த அளவுக்கு ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் இயங்குகின்றன என்று ஒப்பிட்டார்கள். ஹிட்ச்காக் இயக்கிய ஒரு தொலைக்காட்சிக் கதையைப் பார்த்தபோது மூளைப் புறணியில் 65 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி ஆளுக்கு ஆள் ஒத்து இயங்கியது. செர்ஜியோ லியோனேயின் கௌபாய் படத்துக்கு 45 சதவீதம். பூங்கா ஒன்றில் கேமராவை ஆடாமல் அசையாமல் வைத்து எடுத்த வெட்டில்லாத காட்சிக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. எதை எப்போது காட்டுவது என்ற பிடி இறுகும் அளவுக்கு மூளைகள் ஒன்றுபோல நடக்கின்றன. நல்ல ட்ரெய்லர் எடிட்டர் ஹிட்ச்காக் பக்கம் நிற்பவர்.

அந்தப் பிடியின் பாதி காதில் இருக்கிறது. மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர் குழு 2011-இல் காட்டியது இது: பிடித்த இசை புல்லரிக்க வைக்கும் கணத்தில் மட்டும் டோபமைன் என்ற மூளை ரசாயனம் சுரப்பதில்லை, அந்தக் கணம் வரப்போகிறது என்று காத்திருக்கும் விநாடிகளிலேயே, மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. ட்ரெய்லர்களில் ஒலி மேலே மேலே ஏறி, உச்சத்துக்கு ஒரு நொடி முன்னால் சட்டென்று எல்லாம் அடங்கிப்போகுமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மௌனம் காத்திருப்பை நீட்டுகிறது. எல்லா ட்ரெய்லரும் இதையே செய்யத் தொடங்கியதில் இப்போது அலுத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 2006-இல் வந்த 'கியர்ஸ் ஆஃப் வார்' சுட்டுத் தள்ளும் ஆட்டம். அதன் ஒரு நிமிட விளம்பரத்தில் பாழடைந்த நகரத்தில் தனியாக ஓடுகிறான் ஒரு வீரன். பின்னணியில் கேரி ஜூல்ஸ் பாடிய 'மேட் வேர்ல்ட்' என்ற சோகப்பாட்டு. படம் வேகமாக ஓட, பாட்டு மெல்ல நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஏற்படும் இழுவைதான் அதன் உயிர். இயக்கியவர் ஜோசப் கொசின்ஸ்கி, பிற்பாடு 'டாப் கன்: மேவரிக்' எடுத்தவர்.

சரி, 'டெட் ஐலண்ட்' கேம் என்ன ஆனது? 2011 செப்டம்பரில் வந்தது, நன்றாகவே விற்றது. ஆனால் ஆட்டத்தில் நான்கு பேரில் ஒருவராகி, கிடைத்ததை ஆயுதமாக்கி, ஜாம்பிகளை வெட்டிச் சாய்ப்பதுதான் முக்கால்வாசி வேலை. ட்ரெய்லரில் கண்ணீர் வரவைத்த அந்தக் குடும்பத்தின் கதை ஆட்டத்தின் கதையாக இல்லை. இதை ஏமாற்று என்று திட்டியவர்கள் நிறைய. என் கணக்கில் அவர்கள் சொன்னது நியாயம்தான், ஆனால் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. பின்னோக்கி ஓடும் காலத்தை இந்த ஆட்டத்தில் எந்த ஆட்டக்காரராலும் தன் விரலால் ஆடியிருக்க முடியாது. அந்தச் சோகம் எடிட்டிங் மேசையில் பிறந்தது; இந்தக் கேமுக்குள் கொண்டுபோக வழியே இல்லை.

விளம்பரக் கண்காணிப்பாளர்கள் தட்டிக்கேட்பது இதையல்ல, காட்சித் தரத்தை. 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' 2013-இல் வந்தபோது, விளம்பரத்தில் பார்த்ததைவிட ஆட்டம் மட்டமாக இருப்பதாகப் பிரிட்டனின் விளம்பரத் தரநிலை ஆணையத்திடம் புகார் போனது. ட்ரெய்லர்களில் அதுபற்றி ஒரு குறிப்பு சேர்ப்பதாக, கேமை வெளியிட்ட சேகா நிறுவனம் ஒப்புக்கொண்டது. 'நோ மேன்ஸ் ஸ்கை' கேமின் விளம்பரம் மீதான இதே போன்ற புகாரை அதே ஆணையம் 2016-இல் தள்ளுபடி செய்தது.

இப்போது பல ட்ரெய்லர்களில் 'இது ஆட்டத்திலிருந்தே எடுக்கப்பட்ட காட்சி' என்று எழுதிக் காட்டுகிறார்கள். பொய் இல்லை. ஆனால் அதற்காக ஆடுபவர் நம்மைப்போல ஆடுவதில்லை. திரையில் இருக்கும் எண்களையும் வரைபடத்தையும் அணைத்துவிடுகிறார். சினிமா ஒளிப்பதிவாளர்போலக் கேமராவை மெல்லத் திருப்புகிறார். எதிரி விழும் கணம் எடிட்டருக்குத் தேவையான இடத்தில் வரும்வரை அதே மூன்று விநாடியைத் திரும்பத் திரும்ப ஆடிக் கொடுக்கிறார்.