பிரித்து வைத்த நெருப்பு

சிவகாசி என்றவுடன் பலருக்கும் பட்டாசே நினைவுக்கு வருகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ அதனினும் எளிய பொருளாகிய தீக்குச்சி. மாணவ நண்பர்களே, ஒரு தீப்பெட்டியை உற்றுப் பாருங்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், கண்ணாடித் தூள், வச்சிரம் முதலியவை இருக்கின்றன. பெட்டியின் பக்கத்தில் பூசிய மருந்தில் செம்பாஸ்பரம் இருக்கிறது. பாஸ்பரத்தைக் குச்சியில் சேர்க்காமல் பெட்டியில் பூசுவானேன்?

1669-இல் ஹாம்பர்க் நகரத்து ரசவாதி ஹென்னிங் பிராண்ட், பொன் செய்யும் ஆசையால் சிறுநீரைக் காய்ச்சி வற்றச்செய்தார். பொன் கிடைக்கவில்லை, இருளில் தானே ஒளிரும் மெழுகு போன்ற பொருள் ஒன்று கிடைத்தது. அதுவே வெண்பாஸ்பரம். காற்றுப் பட்டால் தீப்பற்றக் கூடுமாதலால் அதைத் தண்ணீருக்குள் வைத்துக் காக்க வேண்டும்.

உரசினால் எரியும் குச்சியை 1826-இல் செய்தவர் இங்கிலாந்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர். அவர் பாஸ்பரத்தைத் தொடவில்லை, காப்புரிமையும் பெறவில்லை. சில ஆண்டுகளில் சார்ல்ஸ் சோரியா என்ற பிரெஞ்சு இளைஞர் வெண்பாஸ்பரத்தைச் சேர்த்தார். குச்சி எங்கே உரசினாலும் எரிந்தது. வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள், செய்தவர்களின் தாடை எலும்போ அழுகியது. பாஸ்பர ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்கு வந்த இக்கொடிய நோயை 1845-இல் வியன்னா மருத்துவர் லோரின்சர் விவரித்து எழுதினார்.

மாற்றும் அதே வியன்னாவில் தோன்றியது. காற்றுப் புகாமல் சூடாக்கினால் வெண்பாஸ்பரம் செந்நிறத் தூளாகிறது என்றும், அதுவும் பாஸ்பரமே என்றும் அன்டன் ஷ்ரோட்டர் 1840-களில் நிறுவினார். அதில் நஞ்சும் வேகமும் குறைவு. சுவீடன் நாட்டு குஸ்தாப் எரிக் பாஷ் 1844-இல் செம்பாஸ்பரத்தைப் பெட்டிக்கும் குளோரேட்டைக் குச்சிக்குமாகப் பிரித்தார். அவர் காலத்தில் அது விலைபோகவில்லை. லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்களே பின்னர் அதைப் பரப்பினார்கள். பொன்னைத் தேடிப் புதுப்பொருள் கண்டவரைவிட, இருந்த இரண்டைப் பிரித்து வைத்தவரையே நான் மேலாக மதிக்கிறேன்.

ஆனாலும் மலிவான வெண்பாஸ்பரக் குச்சி எளிதில் ஒழியவில்லை. 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் சில அதை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றது 1922-இல். ஆகவே இங்கே தொழில் வேரூன்றுமுன்பே அந்த நஞ்சு சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. மழை குறைந்த இந்தக் கரிசல் சீமையின் வெயிலோ, குச்சியும் பெட்டியும் உலர்வதற்கு வாய்ப்பாயிற்று. எனினும் தீப்பெட்டித் தொழிலில் தீ விபத்தே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

பட்டாசில் இத்தகைய பிரிவினைக்கு இடமில்லை. பிராணவாயு தரும் உப்பும் எரியும் பொருளும் ஒரே காகிதக் குழலுக்குள் கலந்தே இருந்தாக வேண்டும். உராய்வு பொறாத குளோரேட்டு, கந்தகக் கலவையை, தீக்குச்சித் தலை போன்ற சிலவற்றுக்கு விலக்களித்து, இந்திய அரசு 1992-இல் தடைசெய்தது. அபாயம் அதனால் குறைந்ததேயன்றித் தீரவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார்.