கிருஷ்ணகிரி வழியாகப் போகிறது ஆசியா

ஓசூரில் தயாராகும் லாரி வங்கதேச எல்லை வரை சாலையிலேயே போகிறது. அதை ஓட்டிப் போகும் மனிதர் எங்கே சாப்பிடுகிறார், எங்கே தூங்குகிறார், அவருக்கு யார் துணை?

மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரி, லாரிக்காரர்களுக்கு ஒரு பெரிய கூட்ரோடு. கன்னியாகுமரிக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூரு சுற்றிச் சென்னைக்கு வரும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. இங்கிருந்து சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு வரை இரண்டும் ஒரே சாலை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக ஒரு சாலை வந்து சேர்கிறது. குப்பம் வழியாக ஆந்திரத்துக்கு இன்னொன்று பிரிகிறது.

இவ்வளவும் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஐ.நா.வின் ஆசிய நெடுஞ்சாலை வரைபடத்திலும் கிருஷ்ணகிரி ஒரு சந்திப்பு என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆக்ராவில் தொடங்கி நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு, மதுரை வழியாகத் தனுஷ்கோடி வந்து, கடலுக்கு அப்பால் தலைமன்னாரில் மீண்டும் தொடங்கி மாத்தறையில் முடிவது ஏ.எச்.43. கொல்கத்தாவிலிருந்து கிழக்குக் கடலோரமாக இறங்கிச் சென்னை வந்து பெங்களூருக்குப் போவது ஏ.எச்.45. இரண்டும் கிருஷ்ணகிரியில் கைகோக்கின்றன. ஏ.எச்.45 கொல்கத்தாவில் போய்ச் சேரும் சாலையோ ஏ.எச்.1. டோக்கியோவிலிருந்து துருக்கியின் மேற்கு எல்லை வரை 20,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலை அது. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கழிந்து வெளியே வரும் ஒவ்வொரு லாரியும், வரைபடத்தின்படி, ஆசியாவின் இரு முனைகளையும் இணைக்கும் பாதையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

லண்டனிலிருந்து வந்த பஸ்

ஆசியாவைத் தரைவழியே கடக்கும் ஆசை பழையது. 1957 ஏப்ரல் 15 அன்று லண்டனிலிருந்து 20 பயணிகளோடு ஒரு பஸ் புறப்பட்டது. பெயர் ‘இந்தியாமேன்’. ஐரோப்பா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக வந்து ஜூன் 5 அன்று கல்கத்தாவைத் தொட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், பழைய ராணுவ லாரிகளின் பின்பக்கத்தில் இருக்கை போட்டு, இளைஞர்களை ஏற்றிக்கொண்டு காத்மாண்டு வரை வரும் நிறுவனங்கள் பெருகின. முறைவைத்துச் சமைப்பது, கூடாரம் அடிப்பது, சேற்றில் சிக்கிய வண்டியை எல்லோரும் இறங்கித் தள்ளுவது எல்லாம் அந்தப் பயணங்களின் வழக்கம். 1959இல் ஐ.நா.வின் ஆசியப் பொருளாதார ஆணையம் ஆசிய நெடுஞ்சாலைத் திட்டத்தைத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

1979இல் ஈரானில் புரட்சி நடந்தது. அதே ஆண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. பாதை அடைபட்டது. உல்லாசமாக ஆசியாவைக் கடந்த லாரிகளின் காலம் ஏறக்குறைய முடிந்துபோனது. அதற்கு அடுத்த ஆண்டு, 1980இல், ஓசூரில் அசோக் லேலண்ட் தன் தொழிற்சாலையைத் திறந்தது. பிழைப்புக்காக நெடுந்தூரம் போகும் லாரிகளின் கதை இந்த ஊரில் அங்கிருந்து தொடங்குகிறது.

கூரையில்லாத வண்டி

1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்த நிறுவனம். 1955இல் பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. ஓசூருக்கு அது வந்தபோது சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்தது. பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். இன்று ஓசூர் ஒரு மாநகராட்சி. அதன் சாலைகளில் தினமும் கண்ணில் படும் காட்சி, வரிசையாகப் புறப்படும் புதுச் சேசிஸ்கள்.

சேசிஸ் என்றால் சட்டகம், எஞ்சின், சக்கரம், முகப்பு, ஸ்டியரிங். அவ்வளவுதான். பல வண்டிகளுக்குக் கதவு இல்லை, கூரை இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. அவற்றில் ஒரு பகுதி பஸ் கூண்டு கட்ட கரூருக்கும், லாரி பாடி கட்ட நாமக்கல்லுக்கும் போகும். அது ஒரு நாள் வேலை. இன்னொரு பகுதி வடக்கே போகும். நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் போவதும் உண்டு. தற்காலிக இருக்கை ஒன்றை வைத்துக் கட்டி, ஹெல்மெட் போட்டு, கண்ணாடி மாட்டி, துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் உட்காருகிறார். வெயிலும் மழையும் எதிரே வரும் வண்டி கிளப்பும் தூசியும் நேராக முகத்தில் அடிக்கும்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ராணிப்பேட்டை கடந்து ஆந்திரத்துக்குள் நுழைந்து நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேசுவரம், கொல்கத்தா. அதற்கு மேல் ஜெசோர் சாலையில் 80 கிலோமீட்டர் போனால் பெட்ராபோல். அந்தப் பக்கம் வங்கதேசத்தின் பேனாபோல். மொத்தம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். வண்டி புதிது என்பதால் விரட்ட முடியாது. நிதானமாகத்தான் போக வேண்டும்.

இந்தப் பயணத்தைத் தாங்க வைப்பது வழித்துணைதான். சேசிஸ் ஓட்டுபவர்கள் முடிந்தவரை தனியாகப் போவதில்லை. நான்கைந்து வண்டிகள் சேர்ந்து கிளம்பும். ஒருவர் வண்டி நின்றால் மற்றவர்கள் ஓரம் கட்டுவார்கள். ஒருவரிடம் அடுப்பு, இன்னொருவரிடம் அரிசியும் பருப்பும். பங்க் ஓரத்தில் தண்ணீர் கிடைத்த இடத்தில் உலை ஏறும். தெலுங்கு தெரிந்தவர் நாயுடுபேட்டை தாண்டியதும் பேச்சுக்குப் பொறுப்பு. இந்தி தெரிந்தவர் ஒடிசாவிலிருந்து பொறுப்பு. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படும் ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்கு முதல் சுமை குறைவு. இரவில் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர்கள் கண்ணயரலாம். ஓட்டிப் போன வண்டி திரும்பி வராது. எல்லையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹவுராவில் ரயில் பிடித்து, அதே கூட்டம் ஒன்றாக ஊர் திரும்பும்.

எல்லையில் உடனே வேலை முடிந்துவிடுவதும் இல்லை. பெட்ராபோலில் 2016இல் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. இந்திய வங்கதேச நிலவழி வணிகத்தின் பெரும்பகுதி அந்த ஒரு வாசலைத்தான் நம்பியிருக்கிறது. நாள்கணக்கில், சில காலங்களில் வாரக்கணக்கில், லாரிகள் வரிசையில் நின்றிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபோது எல்லை வணிகமே சில நாள் நின்றது. எல்லை நெரிசலுக்கு மாற்றாகத்தான் 2017 அக்டோபரில் அசோக் லேலண்டின் 185 லாரிகள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி வங்கதேசத்தின் மோங்லாவுக்குப் போயின. கடல் வழி நல்ல வழி. ஆனால் சாலையை அது காலி செய்துவிடவில்லை.

காணாமல் போன இரண்டாவது ஆள்

சேசிஸ் ஓட்டுபவருக்கு வெயில்தான் பெரிய துன்பம். ஆனால் அவருக்குக் கூட்டம் இருக்கிறது. அதே சாலையில் ‘நார்த் லைன்’ போகும் சரக்கு லாரிக்காரர் நிலை வேறு. ஓசூர் சிப்காட்டுக்கு உதிரிபாகம் கொண்டுவருபவர், சூளகிரித் தக்காளியையும் கிருஷ்ணகிரி மாங்கூழையும் ஏற்றிப் போகிறவர், சங்ககிரி, நாமக்கல் வண்டிகளில் குஜராத் வரை போய் ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருப்பவர் எனப் பலரும் இன்று தனி ஆளாகப் போகிறார்கள்.

ஒரு காலத்தில் லாரி என்றால் மூன்று பேர். ஓட்டுநர், செகண்ட் டிரைவர், கிளீனர். கிளீனர் டயரைத் தட்டிப் பார்ப்பார், தார்ப்பாய் கட்டுவார், ரிவர்ஸ் எடுக்கும்போது குரல் கொடுப்பார், ராத்திரியில் பேச்சுக் கொடுத்து ஓட்டுநரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வார். அடுத்த சில ஆண்டுகளில் அவரே ஓட்டுநர் ஆவார். அந்தக் குருகுலம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. டீசலும் டோலும் தவணையும் போக மிஞ்சுவதில் மூன்று பேருக்குப் பேட்டா கொடுக்க முடியவில்லை என்று உரிமையாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

ஆனால் சட்டமும் சேர்ந்து கைவிட்டது. நேஷனல் பெர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் காலை நீட்டிப் படுத்துத் தூங்க இருக்கை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறிவந்தன. 2018இல் இரண்டு ஓட்டுநர் கட்டாயம் நீக்கப்பட்டது. ஓட்டுநர் பற்றாக்குறைக்கு அது ஒரு பதிலாகச் சொல்லப்பட்டது. ஆள் பற்றாக்குறையைத் தூக்கத்தால் ஈடுகட்டச் சொன்ன முடிவு அது என்பதே என் கருத்து.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேர வேலை, நெடுந்தூரமானால் பத்து மணி நேரம் வரை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி ஓய்வு என்று வகுத்தது. தனி ஆளாகப் போகும் ஓட்டுநரின் மணிக்கணக்கை யார் எழுதுகிறார்கள்? எங்கே பார்க்கிறார்கள்? ஜி.எஸ்.டி. வந்த பிறகு விற்பனை வரிச் செக்போஸ்ட்கள் போய்விட்டன. மாநில எல்லையில் காத்திருக்கும் நேரம் குறைந்தது. நல்லதுதான். ஆனால் அந்தக் காத்திருப்புதான் பல ஓட்டுநர்களுக்குக் கிடைத்த தூக்கமாகவும் இருந்தது. இப்போது மாநில எல்லையான ஜுஜுவாடியில் நிற்காமல் தாண்டுகிற வண்டி, பேரண்டப்பள்ளி, கோபசந்திரம் பகுதியில் யானை கடக்கும் காட்டோரம் ஓடி, மேலுமலை இறங்கி, தருமபுரி கடந்து, விடியும் நேரத்தில் தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. எத்தனை உயிர்களைப் பறித்த இறக்கம் அது என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரு முனைகளிலும் இருப்பது நடுவில் இல்லை

ஆசிய நெடுஞ்சாலையின் கிழக்கு முனை ஜப்பான். அங்கே 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநரின் கூடுதல் நேர வேலை ஆண்டுக்கு 960 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. சரக்கு தாமதமாகும் என்ற கவலை அங்கேயும் எழுந்தது; அதை மீறித்தான் நடைமுறைக்கு வந்தது. மேற்கு முனையைத் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றியம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, பொதுவாக நாளுக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். வண்டியில் பொருத்திய டேக்கோகிராஃப் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது. ஏமாற்றினால் அபராதம்.

நாடுகளுக்கு இடையே லாரி தடையின்றிப் போக வேண்டும் என்பதில் இந்தியா பின்தங்கவில்லை. 2015 ஜூனில் திம்புவில் வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பூடான் நாடாளுமன்றத்தில் அது நிறைவேறாததால் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2017இல் சர்வதேச சரக்குப் போக்குவரத்துக்கான டி.ஐ.ஆர். உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. சரக்குக்கு ஒப்பந்தங்கள் வருகின்றன. அதைச் சுமக்கும் மனிதருக்கும் அதே வேகத்தில் வர வேண்டும்.

சில நல்ல அடிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். பெட்ரோல் பங்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் ஓட்டுநர் ஓய்வறைகளை எண்ணெய் நிறுவனங்கள் திறந்துவருகின்றன. நெடுஞ்சாலைகளில் முதல் கட்டமாக 1,000 ஓய்வு மையங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். இவை வரட்டும். ஆனால் ஏ.சி. கேபினில் தனியாக இருப்பவருக்கும் தூக்கம் வரும். இன்னும் எளிதாகவே வரும்.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் இதில் முன்னோடியாக இருக்க முடியும். நாட்டின் லாரிகளில் கணிசமானவை பிறக்கும் இடம் இது. தொழிற்சாலை வாசலில் லோடு இறக்கக் காத்திருக்கும் ஓட்டுநர்களை சிப்காட் சாலைகளில் எந்த நாளும் பார்க்கலாம். அவர்களுக்கு நிழலும் கழிப்பறையும் குளிக்கத் தண்ணீரும் தருவது நிறுவனங்களுக்குப் பெரிய செலவல்ல. அத்திப்பள்ளிக்கும் தொப்பூருக்கும் நடுவே, காவல் போட்ட லாரி நிறுத்தமும் படுக்கைகளும் மாவட்ட நிர்வாகமும் நெடுஞ்சாலை ஆணையமும் சேர்ந்தால் முடிகிற காரியம். சேசிஸ் ஓட்டுபவரின் திரும்பி வரும் டிக்கெட்டும் காப்பீடும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஷிப்டில் முடியாத நெடுந்தூரப் பயணத்துக்கு இரண்டு ஓட்டுநர் என்ற விதி திரும்பி வர வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் சம்பளத்தை லாரி உரிமையாளர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. வாடகையில் அது சேர வேண்டும், சரக்கு அனுப்பும் நிறுவனம் அதைத் தர வேண்டும். ஆசியாவை இணைக்க நம்மிடம் சாலை இருக்கிறது, வண்டி இருக்கிறது. ஓட்டுநருக்குத் துணையாக ஒரு ஆளையும் தூங்க ஒரு படுக்கையையும் கொடுப்போம். இதைக் கேட்க வேண்டியது லாரிக்காரர் மட்டுமல்ல. அந்தச் சாலையில் பஸ்ஸிலும் காரிலும் பைக்கிலும் போகும் நாம் எல்லோரும்தான்.