ஓடுவதா? கொடுப்பதா?

மே மாதம். மாம்பழக் காலம். தேனி மாவட்டம், பெரியகுளம்.

பொழுது சாய்ந்ததும் ஊர் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். எங்கே? சினிமாவுக்கா? இல்லை. கூடைப் பந்து பார்க்க!

இந்த ஊரில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப், அகில இந்தியக் கூடைப் பந்துப் போட்டியை 60 முறைக்கு மேல் நடத்தியிருக்கிறது. கடற்படை, விமானப்படை, வங்கி அணிகள் எல்லாம் இங்கே வந்து ஆடியிருக்கின்றன. கம்பம், போடி, சின்னமனூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டால் இரண்டு குரல்கள் காதில் விழும்.

"கொடுடா! பந்தைக் கொடு!" என்பார் ஒருவர்.

"கொடுக்காதே! நீயே கொண்டு போ!" என்பார் பக்கத்தில் இருப்பவர்.

யார் சொல்வது சரி?

ஐந்து பேர், ஒரு பந்து

கூடைப் பந்தில் ஓர் அணிக்கு 5 பேர். களத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். கூடை, தரையில் இருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

பந்தைக் கூடைக்குக் கொண்டுபோக இரண்டே வழிகள். ஒன்று, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவது. இதற்கு 'டிரிபிள்' என்று பெயர். மற்றொன்று, தன் அணியைச் சேர்ந்தவருக்கு எறிவது. இது 'பாஸ்'.

பந்து கைக்கு வந்தால், 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். நின்று யோசிக்க நேரம் ஏது?

முதலில் ஓட்டமே இல்லை!

ஒரு வேடிக்கை கேளுங்கள். இந்த ஆட்டம் பிறந்தபோது பந்தோடு ஓடவே கூடாது!

கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் வேலை பார்த்தார். 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் மாணவர்கள் கட்டிடத்துக்குள் ஆட ஒரு விளையாட்டை உண்டாக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடி விளிம்பில் அடித்தார். 13 விதிகளை எழுதினார். ஓர் அணிக்கு 9 பேர். பந்தைப் பிடித்தவன் பிடித்த இடத்தில் இருந்தே எறிய வேண்டும்.

ஆனால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? எதிரிகள் சூழ்ந்துகொண்டபோது, பந்தைத் தரையில் தட்டிவிட்டுத் தாங்களே போய்ப் பிடித்தார்கள். அந்தத் தந்திரம்தான் டிரிபிள் ஆயிற்று. தப்பிக்கப் பிறந்தது, பிறகு தாக்குவதற்கு ஆயுதம் ஆயிற்று.

ஓட்டம் மட்டும் இருந்தால்?

பள்ளி அணிகளில் ஒரு கெட்டிக்காரப் பையன் இருப்பான். பந்து அவன் கையில் ஒட்டிக்கொண்டது போல இருக்கும். ஒருவரைத் தாண்டுவான். இருவரைத் தாண்டுவான். கூட்டம் கைதட்டும்.

அடுத்த முறை மூன்று பேர் அவனைச் சுற்றி நிற்பார்கள். திணறிப்போய் இரண்டு கைகளாலும் பந்தைப் பிடிப்பான். தீர்ந்தது கதை! பிடித்த பந்தை மறுபடி தட்டிக்கொண்டு ஓட விதி இடம் தராது. எதிரி நெருங்கி நின்றால் 5 வினாடிக்குள் பந்தைக் கைவிட வேண்டும்.

மற்ற நால்வரும்? பந்து வராது என்று தெரிந்துவிட்டதால் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு இது புரியும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மடை மாற்றாமல் ஒரே வயலில் தேக்கினால் என்ன ஆகும்? அந்தப் பயிரும் அழுகும். அடுத்த வயலும் காயும்.

கொடுப்பது மட்டும் இருந்தால்?

அதுவும் ஆபத்துதான். பந்து ஐந்து பேர் கையிலும் சுற்றும். ஒருவரும் கூடைப் பக்கம் போக மாட்டார்கள். எதிரிக்குப் பயம் விட்டுவிடும். பந்து போகும் வழியில் கையை நீட்டிப் பறித்துக்கொள்வான்.

ஆகவே இரண்டும் வேண்டும். உள்ளே பாய்ந்து ஓடினால் எதிரிகள் இருவர் அவன் பக்கம் திரும்புவார்கள். அப்படித் திரும்பினால், நம் ஆள் ஒருவன் காவல் இல்லாமல் நிற்பான். அந்த நொடியில் கொடு! அதே போல, பந்தை வேகமாக மாற்றினால் எதிரிகளின் வரிசை கலையும். வழி திறக்கும். அந்த நொடியில் ஓடு!

எதிரணியினர் ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக் காவல் நின்றால், கொடுப்பதைக் கூட்ட வேண்டும். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு நின்றால், ஓட்டத்தில் வல்லவனை விட வேண்டும்.

ஒரு வாத்தியாரின் வழி

கால்பந்திலும் இதே கதைதான். ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் பள்ளி ஆசிரியர். இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். பந்தை உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது என்று விதி வைத்தே அவர் பயிற்சி ஆட்டங்கள் நடத்தினார். கொடுக்கும் பழக்கம் வர வேண்டும் என்பதற்காக!

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4-வது இடம் பெற்றது. 1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில், தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி, பந்தோடு வளைந்து நெளிந்து ஓடுவதில் பேர் போனவர். கொடுக்கக் கற்ற அணியில் அந்த ஓட்டத்துக்கும் இடம் இருந்தது.

பள்ளி மைதானத்திலும் இதைச் செய்யலாம். முதல் 10 நிமிடம், தட்டாமல் கொடுத்து மட்டும் ஆட்டம். அடுத்த 10 நிமிடம், ஒருவனுக்கு ஒருவன் ஓட்டம். கடைசியில் இரண்டையும் கலந்து ஆட்டம். பையன் இடக்கையாலும் தட்டப் பழக வேண்டும். தலை நிமிர்ந்திருக்க வேண்டும். பந்தையே பார்த்து ஓடுகிறவனுக்குத் தோழன் எங்கே தெரிவான்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "நீ எத்தனை கூடை போட்டாய்?" என்று கேட்கிறோம். அவனும் அதற்காகவே ஆடுகிறான். "எத்தனை பேருக்குக் கொடுத்தாய்?" என்றும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

நன்றாக ஆடுகிறவர்களுக்கு வங்கியிலும் ரெயில்வேயிலும் படையிலும் வேலை கிடைக்கிறது. அந்தக் கதவு கெட்டிக்காரப் பையன் ஒருவனுக்கு மட்டும் திறந்தால் போதுமா? மூலையில் நிற்கும் பையனும் பந்து வந்தால்தானே தன் திறமையைக் காட்ட முடியும்?

பெரியகுளத்தில் கேட்ட இரண்டு குரல்களும் சரியே. வழி இருந்தால் ஓடு. வழி அடைத்தால் கொடு. கொடுத்துவிட்டு நின்றுவிடாதே, மறுபடி ஓடு. பந்து உன்னிடம் திரும்பி வரும்!